மூன்று பத்து ரூபாய்

தமிழ்நாட்டில் பிராந்தி விற்க அனுமதி தரும் சட்டத்தின் பெயர் தெரியுமா? தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. அதைக் கவனிக்கும் துறையின் பெயரும் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைதான். எழுத்துப்படி பார்த்தால் இந்த மாநிலத்தில் மதுவைக் காய்ச்சுவதும் வைத்திருப்பதும் விற்பதும் குடிப்பதும் குற்றம். அரசு உரிமம் கொடுத்த இடத்தில், கொடுத்த அளவில், கொடுத்த நேரத்தில் மட்டும் குற்றமில்லை. பகல் 12 மணிக்கு ஷட்டர் ஏறும்போது மதுவிலக்குச் சட்டம் சற்றே விலகிக்கொள்கிறது. இரவு 10 மணிக்கு மறுபடி வந்து நின்றுகொள்கிறது.

கேட்க வேடிக்கையாக இருந்தாலும் நம் பிடி இதற்குள்தான் இருக்கிறது. தடைதான் பொது விதி, விற்பனை விதிவிலக்கு. விதிவிலக்கு வாங்கிக்கொண்டவர் அதற்கான நிபந்தனைகள் ஒவ்வொன்றையும் காப்பாற்றியாக வேண்டும், அவர் அரசாங்கமாகவே இருந்தாலும்.

இந்த இடத்துக்கு நாம் வந்து சேர்ந்த கதை ஏற்றமும் இறக்கமுமானது. ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். ஓமந்தூரார் ஆட்சியில், 1948இல், சென்னை மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. 1971இல் கருணாநிதி அதைத் தளர்த்தினார். 1974இல் அவரே மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார், 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் என்ற அரசு நிறுவனத்தை உருவாக்கினார். கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் 1987 தொடக்கத்தில் மூடப்பட்டன. 1990இல் மலிவு விலை மது வந்தது, அடுத்த ஆண்டே ஜெயலலிதா அதை நிறுத்தினார். அவரே 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையையும் தனியாரிடமிருந்து எடுத்து டாஸ்மாக் கையில் கொடுத்தார். இத்தனை முறை திறந்து மூடியதில் ஒன்று மட்டும் அசையவே இல்லை. மது போனதற்கு ஈடாக வந்த விற்பனை வரி, மது திரும்பி வந்த பிறகும் போகவில்லை. இன்று மதுவிலிருந்து கிடைக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த வரியின் வாரிசான மதிப்புக் கூட்டு வரிதான். ஜி.எஸ்.டி. வந்தபோது குடிக்கும் மதுவை அரசியல் சாசனமே அதற்கு வெளியே வைத்துவிட்டதால், இந்தப் பணப்பை மாநிலங்களிடமே இருக்கிறது.

பையின் கனத்தையும் பார்த்துவிடுவோம். 2003-04இல் சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24இல் 45,855 கோடி. அதற்கடுத்த ஆண்டு 48,344 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு. 2023 ஜூனில் 500 கடைகளை மூடினார்கள். கடை குறைந்தது, வருமானம் குறையவில்லை.

இதை வைத்துத்தான் மூன்று கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறோம். (அரசியல் கட்சிகளைச் சொல்லவில்லை. அவர்கள் எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது ஒரு கட்சி, ஆளும் வரிசையில் இன்னொரு கட்சி.) அரசே விற்றால்தான் தரமும் கணக்கும் இருக்கும், மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பது முதல் தரப்பு. 2016 ஏப்ரலில் மதுவிலக்கு கொண்டுவந்த பீகாரில் 2022 டிசம்பரில் சாப்ரா பக்கம் விஷச் சாராயத்தில் பலர் செத்ததைக் காட்டுவார்கள். மதுவிலக்கை நோக்கிப் போக வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவு சொல்லும்போது அரசு எப்படிக் கல்லாவில் உட்காரலாம் என்பது இரண்டாவது தரப்பு. வரியை மட்டும் வாங்கிக்கொண்டு கடையைத் தனியாரிடம் விட்டுவிடலாம் என்பது மூன்றாவது. ஆந்திரம் 2019இல் சில்லறைக் கடைகளை அரசுடைமையாக்கி, 2024 அக்டோபரில் குலுக்கல் போட்டுத் தனியாரிடம் திருப்பிக் கொடுத்தது. இவர்கள் யாரிடமும் சேராமல் பனை மரத்தடியில் நிற்கிறவர்களும் உண்டு. கேரளத்தில் கள் இறக்கினால் தொழில், இங்கே இறக்கினால் வழக்கா என்று கேட்கிறார்கள். கலப்படம் நடக்கும் என்பது அரசின் பதில். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. கலப்படத்துக்குப் பயந்து மூடுவதென்றால் பால் பூத்தில் தொடங்க வேண்டியிருக்கும்.

திறப்பதா மூடுவதா என்ற சண்டை முடிகிறபோது முடியட்டும். கடை திறந்திருக்கும் இன்றைக்கு நாம் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. உரிமம் தருவது, விற்பது, வரி வாங்குவது, சோதனை போடுவது ஆகிய நான்கு வேலையும் ஒரே அரசின் கையில் இருக்கிறது. விற்பனைக் கணக்கு பார்க்கும் மேசைக்குப் பக்கத்து மேசையில்தான் நம் புகாரும் போய் விழுகிறது. அதனால் என் அனுபவத்தில் முதல் பாடம்: கடைக்காரரைப் பற்றிக் கடைக்காரரிடம் மட்டும் புகார் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். அரசுக்குள்ளேயே அந்த மேசையைச் சாராத கதவுகள் உண்டு. எந்தக் கோளாறுக்கு எந்தக் கதவு என்பதைத்தான் இனி சொல்லப்போகிறேன்.

பாட்டில் மேல் ஏறும் பத்து

டாஸ்மாக் என்றதும் குடிக்கிறவர், குடிக்காதவர் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அந்த ‘எக்ஸ்ட்ரா பத்து ரூபாய்’. குவாட்டருக்குப் பத்து, பீருக்கு இன்னும் கொஞ்சம் என்று சட்டமன்றத்திலிருந்து உயர் நீதிமன்றம் வரை பேசப்பட்ட விஷயம். இறக்குக் கூலி, உடைந்த பாட்டில், கடைச் செலவு எல்லாம் எங்கள் தலையில் விழுகிறது என்று ஊழியர் சங்கங்கள் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. 2003இல் தொகுப்பூதியத்தில் சேர்ந்து இன்னும் பணி நிரந்தரம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். ஆனாலும் அது அவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் உள்ள கணக்கு. வாங்குகிறவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

குடிக்கிறவனுக்கு என்ன நுகர்வோர் உரிமை என்று கேட்பவர்கள் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அப்படிப் பார்ப்பதில்லை. சட்டப்படி நிர்ணயித்த விலைக்கு மேலோ, பொருளின் மேல் அச்சிட்ட விலைக்கு மேலோ வாங்கினால் அது புகாருக்குரிய விஷயம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. உள்ளே இருப்பது ரோஜாப்பூ தைலமா ரம்மா என்று அது கேட்கவில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமே கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ஆனால் கையில் ரசீது வேண்டும். பில் போடும் கருவிகள் கடைகளுக்கு வந்துவிட்டன. கேட்டு வாங்குங்கள். தரவில்லையென்றால் யு.பி.ஐ.யில் செலுத்துங்கள். உங்கள் போனில் விழும் தொகையும் பாட்டிலில் அச்சிட்ட விலையும் சேர்ந்து ஒரு படத்தில் இருந்தால் அதுவும் சாட்சிதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்பது எல்லா இடத்திலும் தப்பல்ல. நீலகிரிக் காட்டில் உடைந்த பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்தபோது, சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலில் 2022இல் காலி பாட்டில் திரும்பப் பெறும் திட்டம் அங்கே தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் சேர்த்து வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாயைத் திருப்பித் தருவார்கள். பிறகு படிப்படியாக மற்ற மாவட்டங்களுக்கும் வந்தது. பாட்டிலில் அதற்கான ஸ்டிக்கர் இருந்தால் அந்தப் பத்து ரூபாய் உங்கள் முன்பணம். காலி பாட்டிலைக் கொடுத்துக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வயல் வரப்பில் எறியாமல் இருப்பது நாற்று நடுகிற பெண்ணின் காலுக்கு நீங்கள் செய்கிற உபகாரம். ஸ்டிக்கரும் இல்லை, ரசீதும் இல்லை, பத்து ரூபாய் மட்டும் போகிறது என்றால் அது வேறு பத்து ரூபாய்.

வாங்குகிறவர் பக்கத்து விதிகள் இன்னும் இரண்டு. 21 வயது ஆகாதவருக்கு விற்கக் கூடாது. பள்ளிச் சீருடையில் ஒரு பையன் கவுன்ட்டரில் நிற்கிறான் என்றால் விதியை மீறுவது கவுன்ட்டருக்கு உள்ளே இருக்கிறவர். பகல் 12 மணிக்கு முன்போ இரவு 10 மணிக்குப் பின்போ சந்துக்கடையில் பிளாக்கில் கிடைப்பது டாஸ்மாக் சரக்காகவே இருந்தாலும் கள்ள விற்பனைதான். அதற்கு மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் கட்டணமில்லா எண் 10581. சொல்கிறவர் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

கண்ணில் பனி விழுந்தால்

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் கள்ளச்சாராயம் குடித்து இறந்தவர்கள் 22 பேர். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம் சுற்றுவட்டாரத்தில் 60க்கும் மேற்பட்டோர். இரண்டிலும் கொன்றது மெத்தனால். முதல் சாவு விழுந்த வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போனவர்களும் அதே பாக்கெட் சாராயத்தைக் குடித்தார்கள் என்று அப்போது வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு ஒரு கேள்வி எழுந்திருக்கும். பக்கத்தில் பிணம் கிடக்கும்போது எப்படிக் குடித்தார்கள்? சாராயத்தால்தான் செத்தார் என்று அவர்களுக்குத் தெரியாது. மெத்தனாலின் வஞ்சகம் அதுதான். குடித்தவுடன் வழக்கமான போதைதான் ஏறும். உடம்பு அதை மெல்ல ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றும். அதற்கு 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகலாம். வயிற்று வலி, வாந்தி, தலைச்சுற்றல் வரும். ராத்திரி சாப்பிட்டது சேரவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்புறம் மூச்சு வாங்கும். கண் மங்கும். மார்கழி விடியலில் வயலைப் பார்ப்பதுபோல வெள்ளையாகத் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அதற்கு மேல் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. அமிலம் கண் நரம்பைத் தின்னத் தொடங்கிவிட்டது.

மோர், எலுமிச்சை, புளிக்கரைசல், விரலை விட்டு வாந்தி எடுப்பது எதுவும் இதற்குக் கேட்காது. நல்ல பிராந்தி கொடுத்தால் முறிந்துவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. மருத்துவமனையில் எத்தனாலை அளந்து கொடுக்கும் முறை இருப்பது உண்மைதான்; ஆனால் அதை ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டே டாக்டர்தான் செய்ய முடியும். ஃபோமிபிசோல் என்ற மாற்று மருந்தும் டயாலிசிஸும் உயிரையும் பார்வையையும் காப்பாற்றும், நேரத்தோடு போனால். ஆகவே 108. ஒருவருக்கு அறிகுறி வந்துவிட்டால் அவரோடு அதே சரக்கைக் குடித்த எல்லாரும், நன்றாக இருக்கிறேன் என்று சொல்கிறவர் உட்பட, ஒரே வண்டியில் போக வேண்டும்.

போகாமல் தடுப்பது போலீஸ் பயமும் மானமும். டாக்டரிடம் ‘குடித்தான்’ என்பதை மறைத்தால் அவர் வயிற்றுப்போக்குக்கு மருந்து கொடுப்பார். அமிலம் தன் வேலையைத் தொடரும். அவசர சிகிச்சையை எந்த மருத்துவமனையும், அரசோ தனியாரோ, சட்ட நடைமுறையைக் காட்டித் தள்ளிப்போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. இறந்துவிட்டால் உடற்கூறு ஆய்வு வேண்டாம் என்று அவசரமாக எடுத்து அடக்கம் செய்துவிடாதீர்கள். மெத்தனால்தான் காரணம் என்பதற்கு முக்கிய ஆதாரம் அந்த ஆய்வறிக்கைதான். கள்ளக்குறிச்சியில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. அது அரசு எடுத்த முடிவு. இப்படிச் செத்தால் இவ்வளவு என்று சட்டத்தில் எழுதிவைத்த தொகை அல்ல. அடுத்த முறையும் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு 2024இல் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். கள்ளச்சாராயத்தால் உயிர் போனால் விற்றவருக்கு ஆயுள் தண்டனை வரை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதி அமர்வு, தொழிற்சாலை ஆல்கஹாலைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அது எங்கள் அதிகாரத்தில் வராது என்று மாநிலங்கள் கை விரிக்க இனி இடமில்லை. சாராயக் கலயத்தைத் தேடிப் போவதைவிட மெத்தனால் டேங்கர் எங்கிருந்து வந்தது என்று தேடுவது சுலபம். அதை ஏன் செய்யவில்லை என்று கேட்கும் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம்.

நிறுத்துவதிலும் ஆபத்து உண்டு

பல வருடம் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். மூன்றாம் நாள் வாக்கில் சுவரில் பூச்சி ஊர்கிறது, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றத் தொடங்கலாம். இது நாடகமும் இல்லை, காத்துக் கருப்பும் இல்லை. கவனிக்காவிட்டால் உயிரே போகும். 2020 ஊரடங்கில் கடைகள் திடீரென மூடியபோது சவரத்துக்குப் பூசும் லோஷனையும் வார்னிஷையும் குடித்து நம் மாநிலத்தில் ஆட்கள் செத்தார்கள். ஆகவே நிறுத்தும் முடிவை எடுத்த அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் 25 போதை மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணில் எந்த மையம் பக்கம் என்று கேட்கலாம்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். கணவனின் குடி தாங்காமல் ஒரு தங்கை தனியார் மறுவாழ்வு மையம் ஒன்றுக்கு போன் செய்தாள். இரவு பதினொரு மணிக்கு வேன் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்தவனை அவன் கட்டியிருந்த லுங்கியாலேயே கைகளைப் பின்னால் கட்டித் தூக்கிப்போனார்கள். மூன்று மாதத்துக்கு முன்பணம். ஒரு மாதம் போனில் பேசக்கூட விடவில்லை. ‘பேசினா அழுவாரும்மா, டிரீட்மென்ட் கெட்டுப்போயிடும்’ என்றார்கள். திரும்பி வந்தவன் குடியைப் பற்றிப் பேசவில்லை. முதுகைத் திருப்பிக் காட்டினான்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 குடிநோயையும் தனக்குள் சேர்த்துக்கொண்டிருக்கிறது. அதன்படி இப்படிப்பட்ட மையம் எதுவும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. அவர் சம்மதம் இல்லாமல் சேர்ப்பதற்கும் மருத்துவர் பரிசோதனை, கால வரம்பு, மறுஆய்வு என்று ஒழுங்கு இருக்கிறது. குடும்பம் பணம் கட்டிவிட்டது என்பது போதாது. வேனைக் கூப்பிடும் முன் பதிவுச் சான்றின் எண்ணைக் கேளுங்கள். தினமும் வரும் டாக்டர் யார் என்று கேளுங்கள். வாரம் எத்தனை முறை பார்க்கலாம் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் கோபப்படுகிற மையத்தில் ஆளை விடாதீர்கள்.

அந்தத் தங்கைக்கு வேறு வழிகள் இருந்தன என்பது பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005இன் கீழ் மாவட்டச் சமூகநல அலுவலகத்திலுள்ள பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 181க்கு போன் செய்யலாம். மனு வந்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை வைக்க வேண்டும், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டுக்குச் சட்டம் சொல்கிறது. அடிக்கக் கூடாது என்று உத்தரவு வாங்கலாம். வீடு அவன் பெயரில் இருந்தாலும் அவளை வெளியே தள்ள முடியாது. தேவைப்பட்டால் அவனை வெளியேறச் சொல்லவும் கோர்ட்டால் முடியும். அந்தச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் பெரும்பாலானோர் கண்ணில் படாத ஒரு வரி இருக்கிறது. உத்தரவிட்ட குடும்பச் செலவுத் தொகையை அவன் கொடுக்கத் தவறினால், அதை அவனுடைய சம்பளத்திலிருந்து பிடித்து நேரே மனைவியிடம் கொடுக்கும்படி முதலாளிக்கே மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். சனிக்கிழமை மாலை மில் வாசலில் சம்பளக் கவருக்காகக் கைக்குழந்தையோடு காத்து நிற்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஒரு வரியின் மதிப்பு தெரியும். வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தர வேண்டும், எண் 15100.

டேப்பும் தீர்மானமும்

கடைசியாக, கடை இருக்கும் இடம். மதுவில் வணிகம் செய்வது யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று 1994இல் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசே ஏகபோகமாக விற்கலாம் என்பதற்கு ஆதாரமாக இதைக் காட்டுவார்கள். அதே வாதத்தை நாம் திருப்பிப் பிடிக்கலாம். உரிமையே இல்லாத ஒரு வணிகம், இந்தத் தெருவில்தான் நடக்க வேண்டும் என்று எப்படி அடம்பிடிக்க முடியும்?

2003ஆம் ஆண்டு சில்லறை விற்பனை விதிகள்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதியில் பள்ளி, கல்லூரி, வழிபாட்டுத் தலத்திலிருந்து 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். இதில் ஒரு பொத்தல் உண்டு. நகரமைப்புத் திட்டத்தில் வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று குறித்த இடங்களுக்கு இந்த இடைவெளி பொருந்தாது. ஆகவே பள்ளிக்கூடம் பக்கம் என்று கத்துவதற்கு முன், அந்தச் சர்வே எண் திட்டத்தில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பல வழக்குகள் அங்கேதான் வழுக்கி விழுகின்றன.

நெடுஞ்சாலைக் கதை இன்னொரு பாடம். தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான் 2016 டிசம்பர் 15 அன்று, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடின. மூடிய கடைகளுக்கு இடம் தேடி ஊருக்குள் வந்தார்கள். அடுத்து வந்த கோடையில் பெண்கள் தெருவுக்கு வந்தது அதனால்தான். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போராடிய பெண்ணைப் போலீஸ் அதிகாரி கன்னத்தில் அறைந்த காட்சியை நாடே பார்த்தது. பிறகு சிற்றூர்களில் 220 மீட்டர் போதும், நகர எல்லைக்குள் பொருந்தாது என்று தீர்ப்பின் விளிம்புகள் தேய்ந்தன. சில மாநிலங்கள் நெடுஞ்சாலைக்கு ஊர்ச்சாலை என்று பெயரையே மாற்றிக்கொண்டன. கடை நகரவில்லை, சாலைதான் நகர்ந்தது.

மகாராஷ்டிரத்தில் மக்கள் கையில் ஒரு வாக்குச்சீட்டே இருக்கிறது. ஒரு கிராமத்தில் அல்லது வார்டில் கால் பங்குப் பெண் வாக்காளர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் வாக்கெடுப்பு நடக்கும். பாதிக்கு மேல் எதிர்த்தால் கடை போய்விடும். நிமிர்ந்த பாட்டில், கவிழ்ந்து படுத்த பாட்டில் என்று இரண்டு சின்னம். ‘ஆட்வி பாட்லி’ என்று அதைச் சொல்வார்கள். நமக்கு அப்படி ஒன்று இல்லை. கிராம சபைத் தீர்மானம் போட்ட உடனே கடை மூடிவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்களை ஏமாற்ற எனக்கு மனமில்லை. ஆனால் ஆட்சியர் முன்னாலும், அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போகும்போதும், ஊர் எதிர்க்கிறது என்பதற்கு அதைவிட நல்ல காகிதம் கிடையாது. மூடச் சொல்லி நெடுஞ்சாலையில் படுத்தவர்கள் மேல் வழக்குகள் விழுந்திருக்கின்றன. தீர்மானம் போட்டவர்கள் மேல் வழக்குப் போட முடியாது.

ஒரு சிற்றூரில் கடை வரப்போகிறது என்று பேச்சு வந்தபோது மகளிர் குழுப் பெண்கள் கொத்தனார் ஒருவரிடம் முப்பது மீட்டர் டேப் இரவல் வாங்கி வந்து அளந்தார்கள். நானும் கூட இருந்தேன். தொடக்கப் பள்ளியின் கேட்டில் ஒருத்தி டேப்பின் நுனியை மிதித்துக்கொண்டாள். முப்பது மீட்டர் முடிந்த இடத்தில் செங்கல் துண்டால் ஒரு கோடு. மறுபடி முப்பது. தலைவி பேரனின் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள்.

“புறம்போக்கு வழியா நேரா போனா தொண்ணூத்தி நாலு. ரோட்டு வழியா வளைஞ்சு போனா நூத்திப் பன்னெண்டு. எதத் தம்பி எழுதறது?”

“ரெண்டையும் எழுதுங்கக்கா. அவங்க எதை அளந்தாங்கன்னு கேட்போம்.”

கேட்பதற்குத்தான் மூன்றாவது பத்து ரூபாய். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கட்டணம் பத்து ரூபாய். கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். டாஸ்மாக் அரசு நிறுவனம் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டது, 30 நாளுக்குள். அன்று நாங்கள் எழுதிய கேள்விகள் இவ்வளவுதான்: உத்தேசித்த இடத்தின் சர்வே எண் என்ன? பள்ளியிலிருந்து தூரத்தை அளந்தவர் யார், எந்தத் தேதியில்? எந்தப் புள்ளியிலிருந்து எந்த வழியாக? வரைபடத்தின் நகல் வேண்டும். ‘ஏன் கடை வைக்கிறீர்கள்’ என்று கேட்காதீர்கள். ஏன் என்ற கேள்விக்குத் தகவல் கிடையாது என்று ஒரு வரியில் மடக்கி அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு; அதற்கு மேல் தகவல் ஆணையம். இதற்கிடையில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஆட்சேப மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டத்தன்று கை தூக்கியவர்கள் எல்லாரும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்களா என்று பாருங்கள். தீர்மானத்தில் பள்ளியின் பெயர், தூரம், சர்வே எண் மூன்றும் இருக்கட்டும். ‘மதுக்கடை வேண்டாம்’ என்று மொட்டையாக எழுதிவைத்தால் எந்தக் கடை என்று பின்னால் கேட்பார்கள். அந்த ஊரில் ஊராட்சிச் செயலர் நகல் தர யோசித்தார். அடுத்த வாரம் வாங்கிக்கலாம் என்றார். தலைவி திண்ணையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கடையிலிருந்து எல்லாருக்கும் டீ வந்தது, செயலருக்கும் சேர்த்து. நகல் கையில் வந்தபோது நாலரை மணி. முத்திரை சரியாக விழவில்லை என்று திருப்பிக் கொடுத்து, இன்னொரு முறை குத்தி வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.